லோரியை நகர்த்தியவன்

அந்தக் காரை ஓட்டி வந்தவனை நான் திட்டாத நாளில்லை. கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு வந்தான் பாவி. ஆனால் அவனைத் திட்டி முடித்ததும் என் வாய் தானாக அடைத்துக்கொள்ளும்.

புக்கிட் ரோத்தான் பக்கம் சாலையில் குழி அடைக்கும் வேலை. நானும் என் அக்காவின் வீட்டுக்காரரும் ஒரே கேங். மச்சான் குனிந்து தாரைப் பரப்புவார். நான் லோரி ஓட்டுவேன், இறங்கி மண்வெட்டியும் பிடிப்பேன். வேலை முடியும்வரை லோரி எங்களுக்குப் பின்னால், வண்டிகள் வரும் பக்கத்தை மறித்து நிற்க வேண்டும். எவனாவது தூங்கி வழிந்து, சாலையில் எச்சரிக்கைக்கு வைத்த கோன்களைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் லோரியில்தான் முட்டுவான். எங்களுக்கிருந்த காவல் அது ஒன்றுதான்.

அன்றைக்கு நாலு மணியாகியும் வெயில் இறங்கவில்லை. தார்ச்சூடு வேறு. செம்பனை நிழலெல்லாம் கால்வாய்க்கு அப்பால் கிடந்தது. லோரியை ஓரத்துப் புல்லில் கொண்டுவந்து நிறுத்தினால் குழிமேல் நிழல் விழும் என்றேன்.

“வேணாம் மாப்ள, அங்கியே நிக்கட்டும். வெயிலு நம்மள கொன்னுடாது,” என்றார் மச்சான்.

“பத்து நிமிஷந்தான் லா. நீங்க ரொம்பத்தான் பயப்படுறீங்க.”

நகர்த்தினேன். நிழலில் நின்று தண்ணீர் குடித்தேன். சுகமாகத்தான் இருந்தது. பாட்டிலை மூடுவதற்குள் அந்தக் கார் முட்டிக் கோன்கள் பறந்தன. மச்சான் நிமிரக்கூட இல்லை.

இடது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் அவருக்கு நினைவு தெளிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஒரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

“லோரி பின்னாலதானே நிக்கும்? யாரு எடுத்தா?” என்று கட்டிலருகே இருந்த அக்கா கேட்டாள்.

மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார். “நாந்தான் எடுக்கச் சொன்னேன். வெயிலு தாங்கல.”

அக்கா அழுதுகொண்டே அவரை ஏசினாள். மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒங்களுக்கு நெழலு கேக்குதா என்றாள். கால் போன மனுஷன் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு கிடந்தார். இப்போது சொல், இப்போதாவது சொல் என்று என்னையே நான் பிடித்துத் தள்ளினேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீயாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?”

“சொன்னேன்க்கா,” என்றேன். “அவருதான் கேக்கல.”