வேட்டுக்காரரின் காது வழக்கு

பீரங்கிப் படையில் பதினெட்டு வருடம் குண்டு நிரப்பிச் சுட்டவர் என்பதால் தெருவில் அவருக்கு வேட்டுக்காரர் என்றே பெயர். ஓய்வு பெற்று வரும்போது கை, கால் எல்லாம் முழுசாகத்தான் வந்தன. கேட்கும் சக்தி மட்டும் முக்கால்வாசி அங்கேயே தங்கிவிட்டது. இப்போது வீட்டு முன்னறையில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கிறார். மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று மற்றவர்கள் காதால் கேட்பார்கள். இவர் உள்ளங்கையை வைத்துச் சொல்லிவிடுவார்.

அவரோடு பேச வேண்டுமானால் தொண்டையைத் திறக்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்றும் மிச்சமில்லை. "வயித்துக்கு மருந்து சாப்ட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "காலைலயே சாப்ட்டாரும்மா" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து பதில் வரும்.

காது போனதற்கு ஊன ஓய்வூதியம் கேட்டு எழுதிப் போட்டார். 'பழுது பார்க்கும் மோட்டார்களின் சத்தத்தால் செவித்திறன் குறைந்திருக்கலாம்' என்று பதில் வந்தது. வேட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

"ஃபேன் சத்தத்துல காது போகும்னா நாட்டுல ஒருத்தனுக்கும் காது இருக்காதே!"

மேல்முறையீடு செய்தார். நான்கு வருடம் ஓடிவிட்டது.

மாதத்தின் முதல் திங்களன்று இஸ்திரி போட்ட சட்டையோடு ஓய்வூதிய மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போவார். ஜன்னலோர பெஞ்சில் முட்டிக்காரர் இடம் பிடித்து வைத்திருப்பார். அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். குழம்பு அண்டாவோடு படிக்கட்டில் உருண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர். அவர் வழக்குக்கு ஆறு வருடம். "நான் உனக்கு சீனியர்" என்று மார்தட்டுவார். கவுண்டர் குமாஸ்தா, "பரிசீலனைல இருக்கு" என்பார். வேட்டுக்காரருக்கு அது கேட்காது. உதட்டசைவே மனப்பாடம்.

ஒருநாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது: 'விசாரணைக்கு ஆஜராகாததால் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

மனைவி இரண்டு முறை படித்தாள். மறுநாள் காலை கணவரை இழுத்துக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றாள்.

"ஃபோன் பண்ணி தேதி சொன்னோமேம்மா," என்றார் குமாஸ்தா. "சாரே எடுத்து, 'சரி சரி, நாளைக்கு ரெடியாயிடும், வந்து வாங்கிக்கங்க'ன்னாரு."

யாரோ மின்விசிறி கேட்கிறார்கள் என்று நினைத்துச் சொன்ன பதில் அது.

"காது கேக்கலன்னு வழக்கு போட்டவர ஃபோன்லயா கூப்புட்டீங்க?"

இத்தனை வருடம் பழகிய தொண்டை. தட்டச்சு நின்றது, நாற்காலிகள் திரும்பின, உள்ளறைக் கதவு திறந்து மேல்முறையீடுகளை விசாரிக்கும் நடுவர் குழுவின் தலைவியே வெளியே வந்துவிட்டார். கோப்பைப் புரட்டியவருக்கு உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"கடிதம் போட்டிருக்கணும். தப்பு எங்களோடதுதான். ரெண்டு வாரத்துல விசாரிக்கிறோம்."

திரும்பும் பேருந்தில் வேட்டுக்காரர் தள்ளுபடிக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்களோ?"

அவள் அவர் காதோரம் குனிந்து, "நெனைச்சா நெனைக்கட்டும். நாம போய்ச் சொல்லுவோம்" என்றாள். முழுப் பேருந்துக்கும் கேட்டது.

விசாரணை நாளில் குழுவிலிருந்த மருத்துவர், "காதுக்கு என்ன பாதுகாப்பு குடுத்தாங்க?" என்றார். மனைவி அதை உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"பஞ்சுங்க. அதுவும் ஒரு காதுக்குத்தான் காணும். வலது காதுல அடைச்சுக்குவேன். இடது காத தோள்ல சாய்ச்சு அமுக்கிக்குவேன்."

மருத்துவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வேட்டுக்காரர் உள்ளதை உள்ளபடி சொன்ன திருப்தியில் வெளியே வந்தார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. இடது காது பீரங்கிச் சத்தத்தால் பழுதானது, ஓய்வூதியம் உண்டு. வலது காது பஞ்சால் பாதுகாக்கப்பட்டிருந்ததால், அதன் குறைபாடு வயோதிகத்தால் வந்தது.

மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டும் ஒரே நாள்ல பொறந்த காதுதானே? ஒண்ணுக்கு மட்டும் எப்படி வயசாச்சாம்?"

வேட்டுக்காரர் கடிதத்தை வாங்கினார். 'பீரங்கிச் சத்தத்தால்' என்ற இடத்தில் விரல் நின்றது. இன்னொரு தடவை படித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்புக் கண்ணீரா, வேறு கண்ணீரா என்று அவள் கேட்கவில்லை.

"நம்பிட்டாங்கடி," என்றார். "பாதியாவது நம்பிட்டாங்க."

"மீதிப் பாதிய விடறதா?"

"யாரு விட்டா? பேப்பர எடு."

கடையைச் சாத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து வலது காதுக்கு மேல்முறையீடு எழுதினார்கள். 'மாண்புமிகு' வேண்டுமா 'மதிப்பிற்குரிய' போதுமா என்று அரை மணி நேரம் சண்டை. நாலு மணித் தபாலில் சேர்த்துவிட்டு, பேருந்துக்குக் காத்திராமல் கதை பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள்.