தோலில் கிடைத்த பதில்

மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் தேவகிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. வேனுக்கு எண்ணெய் மாற்றும்போதுகூட மெக்கானிக் பக்கத்தில் குந்திக்கொண்டு, எது எங்கே போகிறதென்று துளைத்தெடுப்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு வந்த காய்ச்சல் மூன்று வாரமாகியும் விடவில்லை. ஒரு நாள் காலை வேன் கதவை இழுத்துச் சாத்தியதற்கே மூச்சு இளைத்தது. கணவர் லோகேஸ்வரன் பயந்துபோய்ச் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே மூக்கில் பிராணவாயுக் குழாயை மாட்டினார்கள். நெஞ்சுப் படமும் எடுத்தார்கள்.

"படம் சுத்தமா இருக்குக்கா. நிமோனியா இல்ல, கட்டியும் இல்ல," என்றார் டாக்டர் சத்தியசீலன்.

"அப்புறம் ஏன் டாக்டர் மூச்சு வரல?"

"அதான் எனக்கும் புரியல."

தெரியாததைத் தெரியாதென்று சொன்ன அந்த டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போனது. மறுநாள் அவர் வயிறு, தொடை, கை மூன்றிலும் மொச்சைக்கொட்டை அளவு தோல் எடுக்க வந்தார். அங்கெல்லாம் ஒரு புண்கூட இல்லை.

"மூச்சு வாங்குறதுக்குத் தொடையில என்னா வேலை லா?"

"ஒரு சந்தேகம்க்கா. கிடைச்சா சொல்றேன்."

பதில் வருவதற்குள் மூச்சு முற்றிலும் கைவிட்டது. மயக்கி, தொண்டையில் குழாய் இறக்கி, இயந்திரத்தோடு இணைத்தார்கள். மூன்றாம் நாள் தோல் பரிசோதனையின் முடிவு வந்ததும் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

பதினோராம் நாள் கண் விழித்தவளுக்குத் தொண்டையில் குழாய் இருந்ததால் பேச்சு வரவில்லை. லோகேஸ்வரன் நீட்டிய தாளில் கோணல்மாணலாக எழுதினாள்: 'தொடையில் என்ன?'

அவர் அழுகையும் சிரிப்புமாக டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

"இது அபூர்வமான ரத்தப் புற்றுநோய்க்கா," என்றார் சத்தியசீலன். "கட்டியா வளராது. மயிரிழை ரத்தக்குழாய்க்குள்ளேயே அடைஞ்சுக்கும். நுரையீரல்ல காத்து நிறைய இருக்கு, அத எடுத்துக்க ரத்தம்தான் போக முடியல. உடம்பு முழுக்க அதே குழாய்தானே, அதனாலதான் தோல்லயும் தேடினேன்."

தோல் துணுக்கை நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினார். ரத்தக்குழாயின் குட்டி வளையத்துக்குள் புற்றணுக்கள் கருநீலப் புள்ளிகளாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தன்னைக் கொல்லப் பார்த்த அவற்றை அவள் வெகுநேரம் பார்த்தாள். வெறுப்பைவிட வியப்புதான் மேலோங்கியது.

ஆறு தவணை மருந்தில் முடி கொட்டியது, நகம் கறுத்தது. ஆறாவது முடிந்து இரண்டு வருடமாகிறது. இப்போது காலைச் சவாரி மட்டும் ஓட்டுகிறாள். போன மாதம் பரிசோதனைக்குப் போனபோதும் ஒன்றுமில்லை என்றார் சத்தியசீலன்.

"திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம்க்கா."

"வந்தா முதல்ல எங்க தெரியும்?"

சத்தியசீலன் பேனாவை மூடிவைத்தார். "சொல்ல முடியாது. சில பேருக்கு மூளையில வரும்."

தேவகி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது எப்படி? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."