நான் கேட்டது பதினோராம் அத்தியாயம்

நம் வழிபாட்டு மன்றத்தின் திருக்கல்யாண மலரில் வழக்கமாக யார் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் கூடி வந்தவர்கள், பிள்ளை பிறந்தவர்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்கள். இந்த வருஷம் நானும் எழுதுகிறேன் என்றதும் செயலாளர் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தேதி குறிச்சாச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லைக்கா, நாவல் வந்திருக்கு" என்றேன். அந்த முகம் எப்படிச் சுருங்கியது என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சிவகாமி. தச்சநல்லூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் காதல் நாவல் எழுதுகிறேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்களில் சில என்னுடையவை. மன்றத்தில் பலர் படித்திருக்கிறீர்கள். தலையணை உறைக்குள் ஒளித்துவைத்துப் படிக்கிறவர்களையும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

போன வருஷம் ஆவணியில்தான் எனக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் உத்தியோகம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்ததிலிருந்து காபி டம்ளரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சித்திதான் எல்லாம் பேசினார். கேசரி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த என் நாவல் ஒன்றை எடுத்துப் புரட்டினார். நடுவில் ஒரு பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். கதாநாயகனும் நாயகியும் படித்துறையில் பேசிக்கொள்ளும் பக்கம். வாசித்து முடித்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதெல்லாம் சொந்த அனுபவமோ?"

வீடே சிரித்தது. என் அண்ணனும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள், "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கல்யாணத்துக்கப்புறம் இந்த எழுத்து கிழுத்தெல்லாம் வேண்டாம், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பேனாவை எடுத்தேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த கதையில் பதினோராம் அத்தியாயம். வங்கியில் வேலை பார்க்கும் என் கதாநாயகி மீனா, தான் விரும்பும் ஆளை நேருக்கு நேர் சந்திக்கும் இடம். 'மீனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்' என்று எழுதினேன். சொந்த அனுபவமோ என்று காதில் கேட்டது. அடித்தேன். 'மீனா தலையைக் குனிந்துகொண்டாள்' என்று மாற்றினேன். அதற்கும் அதே குரல், அதே சிரிப்பு. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

புரட்டாசி முழுக்க இதே கதிதான். காகிதத்தை எடுப்பேன், அப்படியே மடித்து வைத்துவிடுவேன். இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகள் டைப் அடிக்கும் சத்தம் கேட்டால் அழுகை வந்தது. அதுகளுக்கெல்லாம் வார்த்தை வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லையே என்று. மெட்ராஸிலிருக்கும் பதிப்பாசிரியருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். கார்த்திகைக்குள் கதை வராவிட்டால், அடுத்த வருஷம் என் நாவலுக்கென்று ஒதுக்கியிருக்கும் மாதத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை இடம் போனால் போனதுதான், அது எனக்குத் தெரியும்.

வீட்டில் அண்ணன், "ஸ்ரீவைகுண்டத்துக்கு என்னதான் பதில் சொல்ல?" என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் எனக்கு வெறுத்துவிட்டது. "கார்த்திகைக்குள்ள இந்தக் கதைய முடிச்சிட்டேன்னா என்னை விட்டுருங்க. முடிக்கலைன்னா நீங்க சொல்ற இடத்துலயே கழுத்த நீட்டுதேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். வரி ஒன்றுகூட வராத நேரத்தில் கொடுத்த வாக்கு அது. அன்றைக்கு நான் எந்த நிலைமையில் இருந்திருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி பிறந்தது. நம் ஊரில் ஐப்பசி என்றால் காந்திமதி அம்மையின் கல்யாணம். அதற்கு முன்னால் அம்மை சாமியை வேண்டித் தவம் இருப்பாள். சாமி புறப்பட்டு வந்து காட்சி கொடுப்பார். அதற்கப்புறம்தான் தாலி. அந்தக் காட்சியைப் பார்த்துக் கும்பிட்டால் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு உடனே கூடிவரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் சம்சாரம், என் மதினிக்கு அதில் அசையாத நம்பிக்கை.

"ஏட்டி, இந்தத் தடவை நீ வராம இருக்கக் கூடாது. மனசார வேண்டிக்கோ. அம்மை கைவிட மாட்டா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

காட்சி மண்டபத்துப் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். மேலே தூறல் வேறு. அம்மை அலங்காரத்தோடு காத்திருந்தாள். சாமி வருவதற்குத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள், "மாப்பிள்ளைக்கு எங்கன நேரமாச்சோ, எங்க புள்ள எவ்வளவு நேரம் நிக்கா" என்று அங்கலாய்த்தார்கள். யாரோ ஒரு அம்மாள் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கா வேண்டுதல், தாயி?" என்று கேட்டார். மதினி முந்திக்கொண்டு ஆமாம் என்றார்.

நான் கண்ணை மூடினேன். என்ன கேட்டேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். 'அம்மா, மாப்பிள்ளை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எனக்குப் பதினோராம் அத்தியாயம் வேண்டும். உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? வருஷா வருஷம் ஆசைப்பட்டு, வருஷா வருஷம் கட்டிக்கொள்கிறவள் நீ ஒருத்திதானே? நீயும் கைவிரித்தால் நான் இனி எழுதப்போவதில்லை.' கெஞ்சவில்லை. சண்டைதான் போட்டேன். அம்மையிடம் போடாமல் வேறு யாரிடம் போடுவது?

மேளம் நெருங்கியது. சாமி வந்துவிட்டார். தீபாராதனை காட்டினார்கள். கூட்டம் முழுக்கக் குலவை. எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு குரல் உடைந்து வந்தது.

"கெடச்சிட்டாரு தாயே! உனக்குக் கெடச்சிட்டாரு!"

திரும்பிப் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டத்துச் சித்தி. மழையில் தலை நனைந்து, குங்குமம் கரைந்து மூக்கில் வழிய, கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். நடிப்பு இல்லை. தன் மகளுக்கே நடப்பது மாதிரி அழுதார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றிலும் பார்த்தேன். எத்தனை ஜனம்! ஒரு பெண் ஒருவரை விரும்பினாள், அவருக்காகத் தவம் இருந்தாள், அவர் வந்துவிட்டார். அவ்வளவுதான் கதை. அந்தக் கதையைப் பார்க்கத்தான் வேலைவெட்டியை விட்டுவிட்டு இத்தனை பேர் மழையில் நிற்கிறார்கள். என் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தவரும் அதே கதைக்குத்தான் அழுகிறார். இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? அம்மை வெட்கப்படவில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தை, அம்மைக்கு இது சொந்த அனுபவம்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. பின்னாலேயே வந்த மதினி என் கையை நறுக்கென்று கிள்ளினார். அந்த அம்மாள் மறுபடி அம்மை பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மீனா தலை குனியவில்லை. பஸ் ஸ்டாண்டில், பாபநாசம் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்துக்கு நடுவில், 'எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, உங்களுக்கு எப்படி?' என்று அவளே கேட்டுவிட்டாள். இத்தனை நாவல் எழுதியிருக்கிறேன், எல்லாவற்றிலும் ஆண்தான் முதலில் சொல்வான். இது எனக்கே புதிது. காதில் ஒரு குரலும் கேட்கவில்லை. மேளச் சத்தம் மட்டும் இருந்தது.

மதினி காபி கொண்டுவந்து வைத்தார். குவிந்திருந்த தாள்களைப் பார்த்தார்.

"என்னட்டி இது? நீ அங்கன மாப்பிள்ளைக்குத்தானே வேண்டின?"

"இல்ல மதினி. இதுக்குத்தான்."

வைவார் என்று நினைத்தேன். அவர் முதல் தாளை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். உலையில் அரிசி குழைந்துபோனது. அன்றைக்குக் குழைந்த சோறுதான் சாப்பிட்டோம்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே கதை முடிந்தது. அண்ணனிடம் நான் பேச வேண்டியிருக்கவில்லை. மதினியே போய், "இங்கேருங்க, உங்க தங்கச்சி எழுதி முடிச்சிட்டா. சொன்ன சொல்லக் காப்பாத்துங்க. ஸ்ரீவைகுண்டத்துக்குத் தகவல் சொல்லிருங்க" என்றார். அண்ணன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு சரியாகிவிட்டார்.

அந்த நாவல்தான் 'அவளே கேட்டாள்'. இந்த ஆடியில் வெளிவந்திருக்கிறது. முதல் பிரதியை அம்மை சந்நிதிக்குக் கொண்டுபோனேன். என்ன புஸ்தகம் என்று பட்டர் கேட்டார். பக்திப் புத்தகம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "காதல் கதை சாமி" என்றேன். அவர் அதை வாங்கி அம்மை காலடியில் வைத்து, குங்குமம் இட்டு, ஒரு பூவும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "அம்பாளுக்குப் பிடிச்ச விஷயம்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

உன் வேண்டுதல் பாதிதான் பலித்திருக்கிறது, மீதியும் பலிக்கும் என்று நம் மன்றத்திலேயே சிலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். வேண்டாம். என் வேண்டுதல் முழுசாகப் பலித்துவிட்டது. கேட்டதை அம்மை கேட்டபடியே தந்தாள். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன், குறைப்பட்டுக்கொள்ள அல்ல. இப்போதெல்லாம் எழுத உட்காரும்போது எனக்கு யார் பயமும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் நாவல் மேஜைமேல்தான் கிடக்கும்.

உங்களுக்கும் ஏதாவது இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று உள்ளேயே வைத்திருப்பீர்கள். சந்நிதிக்குப் போய், ஊர் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள். இந்த ஐப்பசியில் அப்படி வராதீர்கள். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை நிமிர்ந்து நின்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் என்ன வேண்டுதல் என்று விசாரித்தால் அவருக்கும் சத்தமாகச் சொல்லுங்கள். நம் அம்மை ஊரறியக் கேட்டவள்.