அலமேலு அக்கா பாட்டும் என் வாயும்

பாட்டுக் கட்டுகிற தொழிலுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அடுத்தவர் வீட்டில்தான் கிடைக்கும். கேட்டு எடுக்கிறோமா, கேட்காமல் எடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மிஷினில் உட்கார்ந்து தோல் தைத்தவள். அது சம்பளத்துக்கு. பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை பாட்டுதான். கும்மி, நலங்கு, தாலாட்டு, கிறிஸ்மஸ் பவனிப் பாட்டு, செத்தவர்களுக்கு அஞ்சலிக் கவிதை, எது கேட்டாலும் கட்டிக் கொடுப்பேன். ரூத்து அக்கா என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும். உங்களில் யாராவது இந்த வேலை செய்கிறவர்களாக இருந்தால், கீழே சொல்வதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்காதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

டக்கு, டொக்கு

கம்பெனியில் ஆயுத பூஜை. எங்கள் லைன் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து கும்மி அடிப்பது என்று முடிவு. பாட்டு என் பொறுப்பு. யாரைக் கிண்டல் பண்ணலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டவர் சூப்பர்வைசர் வில்சன் சார். அவர் நடந்து வந்தால் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு காலுக்கு ஒரு சத்தம், இன்னொரு காலுக்கு வேறு சத்தம். "டக்கு ஒரு காலு, டொக்கு ஒரு காலு, தாளம் தப்பாம வருது பாரு ஆளு" என்று ஆரம்பித்தேன். மிஷின் ஹால் முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார்.

மறுநாள் அவர் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் குட்டை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஷூவுக்கு உள்ளே கார்க் வைத்து உயரத்தைச் சரிக்கட்டியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "பாட்டு நல்லா இருந்துச்சும்மா. அந்த ஷூவ வெளிய தெரியாத மாதிரி பண்றதுக்கு எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

வேற மரம்

நாட்றம்பள்ளியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. யாராவது இறந்துவிட்டால் கடைக்காரர் எனக்குப் போன் பண்ணுவார். பேர், வயசு, தொழில் சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் நாலு வரி சொல்லிவிடுவேன். ஒரு நாள் வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னேன்: "ஆலமரம் சாய்ந்ததே, நிழலெல்லாம் அழுகுதே." கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, ஆலமரம் போன வாரமே அதே தெருவுல சாஞ்சிடுச்சு. வேற மரம் சொல்லுங்க."

வெந்நீர்

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை பார்த்தார். சாயங்காலம் வந்ததும் உடம்பு வாடை போகக் குளிக்க வெந்நீர் வேண்டும். அவர் கேட்பது அது ஒன்றுதான். நானோ கையில் நோட்டோடு, கண்ணமங்கலத்தில் ஒரு அம்மா அழுத அழுகையை எப்படி ரெண்டு வரியில் அடக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அவரைப் பற்றி ஒரு பாட்டு நான் கட்டியதில்லை. அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது, இப்போது உட்கார்ந்தாலும் வரமாட்டேன் என்கிறது. ஒரு நாள் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, தலை துவட்டிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல இருக்கிற கண்ணீரெல்லாம் உன் நோட்டுல சூடாத்தான் இருக்கு. நம்ம வீட்டு வெந்நீர்தான் ஆறிப்போவுது."

ஒடுகத்தூர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்ப்பது எனக்குப் பழக்கம். சிலர் புடவை வாங்கப் போவார்கள், நான் பாட்டு வாங்கப் போவேன். அப்படி ஒடுகத்தூர் தாண்டி ஒரு நிலத்தில் பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடவுப் பாட்டு, கேலிப் பாட்டு என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பாடினார்கள். எல்லோரும் டீ குடிக்க எழுந்து போனபிறகு ஒருத்தி மட்டும் செடியைக் கீழே போடாமல் என்னைக் கூப்பிட்டாள். அலமேலு என்று பேர். என்னைவிடப் பத்து வயது பெரியவள்.

"கொலுசு சத்தம் கேட்டாக்கா, கண்ணே, கதவத் தொறப்பேன் சொன்னேன் நான். காத்து வந்து தட்டுது, கண்ணே, காத்துக்கு ஏது கொலுசு?" இவ்வளவுதான் பாட்டு. பதிந்துகொண்டிருந்த போனை இன்னும் கிட்டே நீட்டினேன். "யாருக்கா கட்டுனது?" என்றேன். "நான்தான். எம் பொண்ணுக்காகக் கட்டுனது. சுமதின்னு பேரு" என்றாள். அதற்குமேல் என்ன கேட்டிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. "கடைசி வரி போன்ல சரியா பதியலக்கா, இன்னொரு தடவ பாடுங்க" என்றேன். பாடினாள். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது, அலமேலு அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "பாட்ட மட்டும்தான் கேப்பியாம்மா நீ?"

டீ வேண்டாமா என்று கேட்கிறாள் என நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜாஸ்தி, கம்மி

அந்த வருஷம் எங்கள் சபை ஆண்டு விழாவில் அந்தப் பாட்டைப் பாடினேன். மைக்கில் இருந்தவர், "ரூத்து அம்மாவே கட்டி, ரூத்து அம்மாவே பாடும் பாட்டு" என்று அறிவித்துவிட்டார். பாடி முடித்ததும் திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். பாடி முடித்தேன். முன்வரிசையில் ஒரு டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சால்வை போட்டார்கள். சால்வையோடு நின்றுகொண்டு "இது என்னுடையது இல்லை" என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு அது என் பாட்டாகிவிட்டது. எங்கே போனாலும் "அந்தக் கொலுசுப் பாட்டு" என்று கேட்டார்கள். பக்கத்து மிஷினில் என்னோடு இருபது வருஷம் தைத்த ஷமீம் ஒருத்திதான் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது, ஆனால் காது கத்தி. "இது நீ கட்னதா? உன் பாட்டுல எப்பவும் வார்த்த ஜாஸ்தியா இருக்கும். இதுல கம்மியா இருக்குதே."

அரக்கோணம்

அரக்கோணத்தில் ஒரு மகளிர் விழா. பாடி இறங்கினேன். சால்வை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டூட்டி முடிந்து நேராக வந்தவள் போல நர்ஸ் யூனிஃபார்மில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மேடம், இந்தப் பாட்டு நீங்க கட்னதா? கொலுசு சத்தம் கேட்டாத்தான் கதவத் தொறப்பேன்னு எங்கம்மா என்கிட்ட சொல்லுவாங்க, சின்ன வயசுல. அதான் கேட்டேன். ஒடுகத்தூர் பக்கத்துல யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

யார் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று இத்தனை நாள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் சொல்லமாட்டேன். அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும்தான் தெரியாது. இவள் போய் அம்மாவிடம் சொல்வாள், இத்தனை பேருக்கு நடுவில் என் மானம் போய்விடும் என்று பயந்தேன். சுற்றிலும் விழாக்காரர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். "இல்லம்மா, நானே கட்டுனது. எல்லா அம்மாவும் அப்படிச் சொல்றதுதானே?" என்றேன். அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "ஆமா இல்ல? எல்லா அம்மாவும் சொல்லுவாங்க. சாரி மேடம், நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்."

மறுபடியும் ஒடுகத்தூர்

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலேஜ் மேடம் என்னிடம் இருக்கும் பாட்டையெல்லாம் புத்தகமாகப் போட வந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, கட்டியவர் பேரை என் கையாலேயே எழுதச் சொன்னார். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்யைப் பேனா எழுதமாட்டேன் என்றது. அடுத்த பஸ்ஸில் ஒடுகத்தூர் போனேன்.

அலமேலு அக்கா நெற்றியில் பொட்டு இல்லாமல் இருந்தாள். வீட்டுக்காரர் போய்ப் பத்து மாதம் என்றாள். அன்றைக்குத்தான் கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்கவேண்டியதை. நர்ஸ் படிக்கப் போன சுமதி தானாக ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வேற ஜாதி. அவள் வாசலை மிதித்தால் நான் செத்தேன் என்று அப்பா சபதம் போட்டுவிட்டார். அவள் எங்கே இருக்கிறாள், போன் நம்பர் என்ன, எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. "எனக்கு எழுதத் தெரியாது, போவ இடமும் தெரியாது. நீ ஊர் ஊராப் போறவ. பாட்டு போனா அவ காதுல விழும்னுதான் உன்னக் கூப்ட்டுப் பாடுனேன். கடைசி ரெண்டு மாசம் அந்த மனுசனே கேட்டாரு, அவ எங்கதான் இருக்கான்னு. நான் இன்னான்னு சொல்றது?"

எல்லாவற்றையும் சொன்னேன். சால்வை, அரக்கோணம், நான் சொன்ன பதில், எல்லாம். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டைத் திருடியது அவளுக்குப் பெரிதாகவே படவில்லை. என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்டி இருந்தா? எளச்சிருந்தாளா? கழுத்துல இன்னா போட்டிருந்தா? சிரிச்சாளா?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். என் தோளில் கிடந்த சால்வையின் ஜரிகை எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பெண் முகம் வரவில்லை. யூனிஃபார்ம் மட்டும்தான் வந்தது. அலமேலு அக்கா கையை விட்டுவிட்டாள். "அத்தினி பாட்டு நெனப்புல வெச்சிருக்கே. எம் பொண்ணு மூஞ்சி ஒண்ணு நெனப்புல இல்லியா?"

பஸ் ஸ்டாப்

அரக்கோணத்துக்கு மூன்று தடவை போனேன். அப்படி ஒரு நர்ஸ் இருந்தாள், வேலையை விட்டுப் போய்விட்டாள் என்பது வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கப்புறம் எந்த மேடை ஏறினாலும் பாடுவதற்கு முன்னால் சொன்னேன்: "இது நான் கட்டுனது இல்ல. நான் பொய் சொன்னேன். ஒடுகத்தூர் அலமேலு, தன் பொண்ணு சுமதிக்குக் கட்டுனது. சுமதி, உங்கம்மா கதவு தொறந்துதான் இருக்கு." விழா நடத்துகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு இடத்தில் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். ஷமீம் அதை போனில் எடுத்து, தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினாள். அஞ்சாவது மாதம் அலமேலு அக்காவிடமிருந்து ஆள் வந்தது. சுமதி வந்துவிட்டாள்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை அந்தப் பெண் முகத்தை நன்றாகப் பார்த்தேன். அம்மாவின் தாடை, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மூன்று வயதுப் பேத்தி வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். அலமேலு அக்கா எனக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும், "இனிமே அந்தப் பாட்ட எங்கயும் பாடாதம்மா. அதான் அவ வந்துட்டாளே" என்றாள். சரியக்கா என்றேன்.

சுமதி என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். எனக்கு ரெண்டு அடி முன்னாலேயே நடந்தாள். பஸ் வருவது தெரிந்ததும் அவள் என் பையை எடுத்துக் கொடுத்தாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அன்னிக்கு 'ஆமா, ஒடுகத்தூர்தான்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, எங்கப்பாவ உசுரோட பாத்திருப்பேன் மேடம்."

இந்த வயதுக்குள் முந்நூறு பாட்டுக்கு மேல் கட்டியிருக்கிறேன். ஜனங்கள் எழுந்து நின்று கேட்கிற ஒன்றே ஒன்றைத்தான் நான் கட்டவுமில்லை, இனிப் பாடவும் முடியாது.