சந்தனப் பொட்டு வைத்த கேபிள்

ஆபீசில் நெட்வொர்க் நின்றால் அதை யாரும் திட்டுவதில்லை, அதைப் பார்த்துக்கொள்கிறவனைத்தான் திட்டுவார்கள். அப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான்.

வைஃபைக்கு முந்தைய காலம். காக்களூரில் ஒரு பம்ப் கம்பெனி, அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை எனக்கு. ஒரே கறுப்பு கேபிள் மேசை மேசையாகப் போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு ஜாயின்ட், இரண்டு முனையிலும் ஒரு மூடி. கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி, ஓரிடத்தில் விட்டுப்போனால் மொத்தமும் அவுட். தீபாவளிக்குள் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அந்த ஆர்டரைப் பார்த்த பிறகுதான் நிச்சயதார்த்தம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஃபேன் காற்று

அக்கவுண்ட்ஸ் மேரி அக்காவுக்குக் காற்று வரவில்லையாம், மேசையை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுவிட்டார். ஆபீஸ் நெட்வொர்க்கே படுத்துவிட்டது. நான் ஒவ்வொரு மேசைக்கடியிலும் தவழ்ந்து, தலையை இடித்துக்கொண்டு, கடைசியில் அக்காவின் காலடிக்கு வந்து சேர்ந்தேன். கழன்ற கேபிளைக் காட்டினால் கோபம் அவருக்குத்தான். "என் டேபிள நான் நகத்தினேன், உன் ஒயரு இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணுது?"

எலி

ஒரு துண்டை எலி கடித்துவிட்டது. எல்லாம் கறுப்புதானே என்று, மேதாவி நான், பஜாரில் டிவி கேபிள் வாங்கிப் போட்டேன். பார்க்க அண்ணன் தம்பி, வேலையில் பங்காளிச் சண்டை! பில் பாதியில் நின்றது, கேட்டில் லாரி நின்றது. தீபாவளிக்குள் இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார் மேனேஜர். வெளியே வந்தால், பள்ளிப்பட்டு லாரி டிரைவர் பல்லைக் காட்டுகிறார். "டிவி ஒயரு போட்டுக்கினியாமே நைனா, படம் எப்ப உடுவ?"

பூஜை

இனி சாமிதான் கதி. ஆயுத பூஜையன்று ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, தாராளமாகச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூட்டினேன். முனை மூடிகளையும் விடவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விஜயதசமி காலை. முதல் பில் போட மேனேஜர் கற்பூரம் காட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ம்ஹூம். என் கல்யாணம் கண்ணெதிரே கழன்று போனது. அவரே ஜாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே சந்தனம் காய்ந்து கெட்டியாக அடைத்திருந்தது. ஆபீசே வேடிக்கை பார்த்தது. சந்தனம் ஒட்டிய தன் விரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர் சொன்னார்: "சாமி காரியத்துல நெட்வொர்க் நின்னதுக்கு உன்னத் தொரத்துனா எனக்குத்தான் பாவம். இருந்து தொலை. அடுத்த வருசம் பொட்ட நானே வெச்சுக்கிறேன்."

ஆர்டர் வந்தது, கல்யாணமும் ஆனது, ஆனால் இன்றைக்கும் ஆயுத பூஜையன்று வைஃபை பெட்டிப் பக்கம் நான் போனால் என் மனைவி சந்தனக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள்.