கத்தாதவர்களின் டாக்டர்

டாக்டர் தனலட்சுமி இறந்துவிட்டார் என்று அவர் தம்பி வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திருவள்ளூர் சாலையில் அவர் வந்த பஸ் லாரியில் மோதியிருக்கிறது. வழியிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். "நாடியைப் பாருங்க" என்று கேட்டிருக்கிறார். "நடந்துதானே வந்தீங்க, கொஞ்சம் பொறுங்கம்மா" என்று பதில் வந்திருக்கிறது. பொறுத்தார். வயிற்றுக்குள்ளே ரத்தம் கொட்டி, அந்தப் பெஞ்சிலேயே உயிர் போய்விட்டது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் அவரிடம் நர்ஸாக இருந்த எங்களுக்கெல்லாம் அவர் வேலை செய்யும் விதம் தெரியும். விபத்து என்றால் அலறுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஓரமாகச் சுருண்டு கிடப்பவரிடம் போவார். "கத்தறவருக்கு மூச்சு இருக்கு. கத்தாதவருக்கு இன்னா ஆச்சுன்னு மொதல்ல பாரு" என்பார். பொன்னேரிக்காரர், பேச்சில் மழுப்பல் கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், ஒரு தொழிற்சாலை முதலாளியின் கார், பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் வந்த மாட்டுவண்டியில் மோதியது. முதலாளிக்குக் கை ஒடிந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடமே அதிரக் கத்தினார். அவருடைய ஆட்கள் இன்னொரு காரில் வந்து இறங்கி, அவரை முதலில் பார்க்கச் சொல்லி எங்களை விரட்டினார்கள். வண்டியில் வந்த அஞ்சலை என்ற பெண் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்ந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தண்ணி மட்டும் குடு."

யாரோ சோடா உடைத்து நீட்டினார். அடிபட்டவருக்கு நம் ஊரில் செய்கிற முதல் உபகாரம் அதுதானே! டாக்டர் அதைத் தட்டிவிட்டு, நாடி பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார்.

"உள்ள ரத்தம் போய்க்கினு இருக்கு, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. மெட்ராஸுக்குப் போனாத்தான் பொழைப்பா. அந்தக் காரை எடுங்க."

"மொதலாளி துடிக்கிறாரு, இன்னா டாக்டரம்மா நீங்க!"

"துடிக்கட்டும். கை ஒடிஞ்சி யாரும் சாவல. இவ செத்துடுவா."

அஞ்சலை பிழைத்தாள். டாக்டருக்குக் கிடைத்த பரிசு இடமாற்றம். பெரிய மனிதரை அவமதித்துவிட்டாராம்!

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "விதி முடிந்தது" என்றார். நான் எழுந்து கேட்டேன்: "எந்த விதி ஐயா? நாடி பிடித்துப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. அதற்குப் பெயர் விதியா?"

டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். அடிபட்டவர்கள் வந்திறங்கினால், சத்தத்தைத் தாண்டி வராந்தாவின் கோடிக்குப் போய்விடுவேன். யார் திட்டினாலும் போவேன். அன்றைக்கு டாக்டர் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் யாரும் போகவில்லை.