குண்டன் முதுகைக் காட்டிய பக்கம்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. போன மாதம் என் வீட்டில் நடந்தது இது. சாயங்காலம் ஏழு மணிக்கு. "பேய் வர்ற நேரமா அது? நியூஸ் ஓடுற நேரம்ல!" என்று என் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும். வீட்டில் தனியாக இருந்தது நான்.

மனைவி இறந்துபோய் நான்கு மாதம். மிச்சம் நானும், அவள் குட்டியிலிருந்து வளர்த்த காவல் நாயும். எழுபது கிலோ. தலையை உதறினால் சுவரெல்லாம் எச்சில். குண்டன் என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அவனுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. ஆனாலும் அந்த வீட்டில் மூச்சுவிடும் இன்னொரு ஜீவன் அவன்தான்.

அவள் செய்ததை அப்படியே செய்தேன். ஆறரைக்குச் சாப்பாடு. அதன்பின் ஒரு மணி நேரம் ஓடவிடக் கூடாது. இவ்வளவு பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கொள்ளும், உயிரே போய்விடும். சாப்பிட்டதும் படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு படுப்பான். முதுகு எங்களுக்கு, முகம் கூடத்துக்கு.

"தான் காக்கிறவங்களுக்கு முதுகைக் காட்டும். இந்த ஜாதியே அப்படித்தான்" என்பாள். சொல்லிக்கொண்டே கம்பிப் பிரஷ்ஷால் அவன் ரோமத்தை வாரிவிடுவாள்.

வாரிவிடுவதை மட்டும் நான் தொடவில்லை. அது அவள் வேலை. பிரஷ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடவில்லை.

அன்றைக்கு மழை. கரண்ட் இல்லை. நான் கட்டிலில். குண்டன் சாப்பிட்டுவிட்டு வாசலில்.

கூடத்தில் ஒரு சத்தம்.

சர்ர்… சர்ர்…

பிரஷ் சத்தம்.

பயமில்லை, சத்தியமாக. கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"வந்துட்டியா? உள்ளே வா."

நின்றது.

பிறகு, இன்னும் கிட்டத்தில்… சர்ர்…

குண்டன் எழுந்தான். பிடரி சிலிர்த்தது. உறுமினான்.

"டேய், உங்கம்மாடா! தள்ளு!"

எழுந்து வாசலுக்குப் போனேன். அவன் விலகவில்லை. உடம்பால் என்னை உள்ளே நெட்டினான். இருட்டில் எதன் மீதோ பாய்ந்தான். விழுந்தான். மறுபடி பாய்ந்தான்.

அப்புறம்… மழை மட்டும்.

விடிவதற்குள் அவன் வயிறு உப்பிவிட்டது. டாக்டர் வருவதற்குள் போய்விட்டான்.

"சாப்பிட்டதும் துள்ளியிருக்கான். வயிறு முறுக்கிடுச்சு" என்றார்.

என் மச்சினி வந்து அழுதாள். பிரஷ்ஷையும் அவனோடு புதைக்கலாம் என்று வீடெல்லாம் தேடினேன்.

"அது எங்கிட்ட இருக்கு மாமா. அக்கா போன அன்னைக்கே அவ ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போயிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். அவள் அழுகை சட்டென்று நின்றது.

"அக்காவைப் பார்த்து குண்டன் ஒருநாளும் உறுமினதில்லையே மாமா…"

அதன்பின் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு படுக்க இப்போது யாருமில்லை.

உள்ளே வா என்று கூப்பிட்டவன் நான்.